கேமராவிடம் வேலை கேட்ட ஏழு மாதங்கள்

அமெரிக்க மருத்துவர்கள் பேசிப் பதிவு செய்யும் நோயாளிக் குறிப்புகளைக் கேட்டு எழுத்தாக்கும் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் வேலையைப் பாளையங்கோட்டையில் பதினோரு ஆண்டுகள் செய்தேன். காதில் ஹெட்போன், காலடியில் ஒலியை நிறுத்தவும் ஓட்டவும் ஃபுட் பெடல், இடைவெளி உட்பட 65 எழுத்து ஒரு வரி என்ற கணக்கில் கூலி. சேர்ந்த முதல் வாரத்தில் எங்களுக்குச் சொல்லித் தந்த பாடத்தை இன்றும் மறக்கவில்லை. காதில் விழாத சொல்லை ஊகித்து எழுதக் கூடாது. அந்த இடத்தில் 'பிளாங்க்' விட்டு, ஒலிப்பதிவில் அது எந்த நிமிடத்தில் வருகிறது என்று குறித்து அனுப்ப வேண்டும். ஹைப்போடென்ஷனும் (குறைந்த ரத்த அழுத்தம்) ஹைப்பர்டென்ஷனும் (உயர் ரத்த அழுத்தம்) காதுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். நோயாளிக்கு அவை ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை.

பின்னர் பேச்சைத் தானே எழுத்தாக்கும் மென்பொருள் வந்தது. அது எழுதியதைத் திருத்துவது எங்கள் வேலையாக, வரிக் கூலி பாதியானது. கடைசியில் திருத்தவும் ஆள் வேண்டாம் என்று எங்கள் குழுவையே கலைத்துவிட்டார்கள். மென்பொருளின் மீது எனக்குப் பெரிய கோபமில்லை. ஆனால் அது பிளாங்க் விடுவதை நான் ஒருநாளும் கண்டதில்லை. புரியாத இடத்தில் பொருத்தமாகத் தோன்றும் ஏதோவொரு சொல்லை வைத்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். வேலை தேடி அலைந்த ஏழு மாதங்களில் இதே குணத்தை வேறொரு பக்கத்திலிருந்து பார்த்தேன்.

முதல் மூன்று மாதங்களில் அறுபதுக்கு மேற்பட்ட விண்ணப்பங்கள் அனுப்பியும் ஓர் அழைப்புகூட வரவில்லை. அண்ணன் மகன் இரண்டு பத்தியாகப் பிரித்து அழகாக வடிவமைத்துத் தந்த பயோடேட்டாதான் காரணம் என்பது தற்செயலாகத் தெரிந்தது. ஒரு நிறுவனத்தின் இணையப் படிவத்தில் அதைப் பதிவேற்றியபோது, கணினி தானாக நிரப்பிய கட்டங்களில் என் சொந்த ஊரான முக்கூடல், நான் வேலை பார்த்த நிறுவனத்தின் பெயராக உட்கார்ந்திருந்தது. குடும்பப் பெயர் என்ற கட்டத்தை விட்டுவிட்டு மேலே செல்ல முடியவில்லை. நமக்கு இருப்பது தலைப்பெழுத்து மட்டும். ஒரு விண்ணப்பத்தில் அப்பாவின் பெயரையும் இன்னொன்றில் ஒற்றை எழுத்தையும் கொடுத்ததால், சான்றிதழோடு பெயர் பொருந்தவில்லை என்று ஒருமுறை நிராகரிப்பும் வந்தது. அப்பா பக்கவாதத்தில் கிடந்த மூன்று ஆண்டுகள் நான் வேலைக்குப் போகாததைப் படிவம் வெறும் இடைவெளியாகப் பதிந்துகொண்டது. எதிரில் ஓர் ஆள் இருந்திருந்தால், "அந்த மூணு வருசம் என்னம்மா செய்தீங்க?" என்று கேட்டிருப்பார்.

அதன் பிறகு பத்திகளையும் கட்டங்களையும் எடுத்துவிட்டு ஒற்றை வரிசையில் எழுதினேன். வேலை விளம்பரத்தில் என்ன சொல் இருந்ததோ அதே சொல்லை, உண்மையாக எனக்குப் பொருந்தும் இடங்களில் மட்டும் பயன்படுத்தினேன். மூன்று ஆண்டுகளுக்கு எதிரே 'குடும்ப உறுப்பினரைப் பராமரித்த காலம்' என்று மாதமும் ஆண்டும் போட்டு ஒரு வரி சேர்த்தேன். இரண்டு வாரத்தில் முதல் அழைப்பு வந்தது.

அழைத்தது மனிதர் அல்லர். 72 மணி நேரத்துக்குள் இணைப்பைத் திறந்து, திரையில் தோன்றும் ஐந்து கேள்விகளுக்குக் கேமராவைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். யோசிக்க 30 நொடி, பேச இரண்டு நிமிடம். அந்த மூன்று நாளும் எங்கள் தெருவில் அம்மன் கோயில் கொடை, ரேடியோ செட் ஓயவில்லை. பெருமாள்புரத்தில் தோழி வீட்டுக்குப் போய், மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, வியர்வை வழியப் பேசினேன். கேட்பவர் முகம் இல்லாத இடத்தில் எங்கே நிறுத்துவது, எங்கே விளக்குவது என்று தெரியாமல் சில இடங்களில் திணறினேன். அனுப்பிய பதினாறாவது நிமிடத்தில், வேறு தகுதியானவர்களோடு மேற்செல்வதாக மின்னஞ்சல் வந்தது.

அம்மாவிடம் சொன்னேன். அவர் முக்கூடலில் நாற்பது ஆண்டு பீடி சுற்றியவர். மடியில் சுளகும் இலையும் தூளுமாய் நாள் முழுக்க உட்கார்ந்து சுற்றிக் கொண்டுபோன கட்டுகளில், பீடிகளைச் சோதிக்கும் செக்கர் 'சரியில்லை' என்று சிலவற்றைக் கழித்துப் போடுவதைப் பார்த்தவர். "கழிச்சவன் மூஞ்சியையாவது நான் பாத்தேன். எது சரியில்லன்னு கேட்டா காட்டுவான், நானும் சண்டை போடுவேன். உனக்கு அதுவும் இல்லையேட்டி" என்றார். என் மனத்தை உறுத்திக்கொண்டிருந்தது எது என்று அப்போதுதான் எனக்கே விளங்கியது.

மனிதர்கள் நடத்தும் நேர்காணல் நியாயமானது என்று நான் சொல்லமாட்டேன். திருநெல்வேலிச் சீமையில் "சொந்த ஊர் எது, அங்கே எந்தத் தெரு?" என்ற கேள்வி எதற்காகக் கேட்கப்படுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். எனக்கும் அது நடந்திருக்கிறது, பதில் சொன்னதும் எதிரில் இருந்தவர் குரல் மாறியதைக் கேட்டிருக்கிறேன். இயந்திரம் தெருவைக் கேட்காது என்பது முதலில் ஆறுதலாகவே இருந்தது. 2023இல் அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் வெளியிட்ட கணிப்பில், எல்லா விண்ணப்பதாரரையும் ஒரே மாதிரி மதிப்பிடுவதில் மனிதரைவிடச் செயற்கை நுண்ணறிவு மேல் என்று 47 சதவீதத்தினர் கூறியிருந்தார்கள்; அதே மக்களில் 71 சதவீதத்தினர் இறுதி முடிவை அதனிடம் விடுவதை எதிர்த்தார்கள். இரண்டு எண்ணமும் ஒரே நேரத்தில் எனக்குள்ளும் இருந்ததால் அது முரணாகத் தோன்றவில்லை. ஆனால் கேட்காமலே கற்றுக்கொள்ளும் திறன் இயந்திரத்துக்கு உண்டு. அமேசான் நிறுவனம் சோதித்துப் பார்த்துக் கைவிட்ட ஒரு தேர்வு மென்பொருள், பழைய விண்ணப்பங்களைப் படித்து, பெண்கள் என்ற சொல் இடம்பெற்ற பயோடேட்டாக்களுக்கு மதிப்பெண் குறைத்ததாக 2018இல் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. ஊரையும் அஞ்சல் குறியீட்டையும் வைத்து இங்கே அப்படி ஒன்று நேராது என்று யார் உறுதி தருவார்கள்?

நிராகரித்த நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுத முடிவு செய்து, இது பற்றிச் சட்டம் எங்காவது இருக்கிறதா என்று தேடினேன். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 2020ஆம் ஆண்டிலிருந்து, காணொளி நேர்காணலைச் செயற்கை நுண்ணறிவு கொண்டு மதிப்பிடும் நிறுவனம் அதை முன்கூட்டியே தெரிவித்து, எந்தப் பண்புகளை எப்படி எடைபோடுகிறது என்று விளக்கி, ஒப்புதல் பெற வேண்டும். அந்தச் சட்டம் என்னைக் காக்காது. ஆயினும் கேட்க வேண்டிய கேள்விகள் அதில் இருந்தன. என் பதிவை இயந்திரம் மதிப்பிட்டதா, எதை வைத்து மதிப்பிட்டது, ஒரு மனிதர் அதைப் பார்ப்பாரா என்று மூன்றே கேள்விகள் எழுதினேன். பதில் இன்றுவரை வரவில்லை.

ஐந்தாவது மாதம் இன்னொரு நிறுவனத்திலிருந்து அதே போன்ற இணைப்பு வந்தபோது, பதிவு செய்வதற்கு முன்பே அந்த மூன்று கேள்விகளையும் அனுப்பினேன். மறுநாள் மனிதவளப் பிரிவிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தார். "மேடம், நீங்க பேசினதைச் சிஸ்டம் எழுத்தாக்கி ஒரு ஸ்கோர் போடும், அப்புறம் நான் படிப்பேன்" என்றார். நேர்காணல் முடிந்ததும், அந்த எழுத்துப் பிரதியை எனக்கும் தர முடியுமா என்று கேட்டேன். தயங்கினாலும் அனுப்பிவைத்தார்.

என் பத்து நிமிடப் பேச்சில் பதினான்கு பிழைகள் இருந்தன. 'டிஸ்சார்ஜ் சம்மரி' என்று நான் சொன்னது 'திஸ் சார்ஜ் சம்மரி' ஆகியிருந்தது. நான் மூச்சு விட நிறுத்திய ஓரிடத்தில், நான் சொல்லாத முழு வாக்கியம் ஒன்றே முளைத்திருந்தது. இத்தகைய மென்பொருள்கள் எல்லோர் பேச்சையும் ஒரே சீராகக் கேட்பதில்லை. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2020இல் ஐந்து பெரிய நிறுவனங்களின் பேச்சறி மென்பொருள்களைச் சோதித்தபோது, வெள்ளையர் பேச்சில் நூற்றுக்கு 19 சொற்களும் கறுப்பினத்தவர் பேச்சில் 35 சொற்களும் சராசரியாகத் தவறாகப் பதிவாயின. நெல்லையில் படித்துப் பேசப் பழகிய என் ஆங்கிலத்தை அது எப்படிக் கேட்டது என்பதற்குச் சான்று இப்போது என் கையில் இருந்தது. அந்தப் பிரதியை என் தொழில்முறைப்படி வரி வரியாகத் திருத்தி, நேரக் குறிப்போடு அன்று இரவே திருப்பி அனுப்பினேன். நான்காவது நாள், இரண்டு மனிதர்கள் என்னோடு முக்கால் மணி நேரம் பேசினார்கள். பேச்சு பெரும்பாலும் அந்தத் திருத்தங்களைப் பற்றியே இருந்தது.

இந்த வாய்ப்பு எனக்கு அமைந்தது என் தொழிலால்தான் என்பதை அறிவேன். கீழ்வீட்டுத் தம்பிக்குக் காது கேளாது. 19ஆம் நூற்றாண்டிலேயே காது கேளாத பிள்ளைகளுக்குப் பள்ளி கண்ட இந்தப் பாளையங்கோட்டையில் படித்து, கணக்கியலில் பட்டம் பெற்றவன். கேமராவைப் பார்த்துப் பேசச் சொல்லும் இணைப்பு அவனுக்கும் வந்தது. எழுத்தில் பதில் தர வழி உண்டா என்று கேட்க அந்தப் பக்கத்தில் ஒரு முகவரிகூட இல்லை. அவனுக்காக இரண்டு நிறுவனங்களுக்கு நானே எழுதியிருக்கிறேன், காத்திருக்கிறோம்.

மருத்துவரும் நோயாளியும் பேசுவதைக் கேட்டு மென்பொருள் எழுதும் குறிப்புகளை, மூல ஒலிப்பதிவோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பதுதான் இப்போது என் வேலை. சேர்ந்த முதல் நாளே குழுத் தலைவரிடம், கேட்காத சொல்லுக்குப் பிளாங்க் விடலாமா என்று கேட்டேன். தாராளமாக விடுங்கள், மருத்துவருக்கே கேள்வியாக அனுப்பிவிடலாம் என்றார். அன்றைய கோப்புகளில் மூன்று இடங்களை வெற்றாக விட்டு அனுப்பினேன். இரண்டுக்கு விடை வந்துவிட்டது.