புழு என்று சொல்லத் தயங்கினேன்

எங்கள் மூத்தவர்கள் இன்றும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே அழைக்கும், மலேசியாவின் பெஸ்தாரி ஜெயாவில், சுற்றுவட்டாரத் தோட்டத்து மக்களுக்குப் புண் கட்டும் தாதியாகப் பல ஆண்டுகள் பணியாற்றினேன். இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய், உள்ளவர்களின் பாதப் புண்களே அதிகம். மரத்துப்போன காலில் செம்பனை முள் தைத்ததுகூடத் தெரியாமல் நாள் கணக்கில் பூட்ஸ் அணிந்து வேலை செய்துவிட்டு, வாடை எழுந்த பிறகே வருவார்கள்.

"மிஸ்ஸி, நல்ல மாத்திரையா கொடுங்க, கத்தி மட்டும் வேணாம்" என்பார்கள். கத்தி பட்டால் விரலில் தொடங்கி முழங்கால் வரை போய்விடும் என்னும் அச்சம், அப்படிப் போனவர்களைக் கண்ணால் பார்த்ததால் வந்தது. ஆனால், அந்தக் கால்களைப் பறித்தவை பெரும்பாலும் தாமதமும் உள்ளே தங்கிய செத்த தசையுமே. இரத்தம் ஓடாத தசைக்குள் மாத்திரை மருந்து போய்ச் சேராது. அங்கே கிருமிகள் வழவழப்பான படலம் கட்டிக்கொண்டு குடியிருக்கும்.

ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்ந்த ஒரு பாட்டிக்குக் குதிகாலில் அத்தகைய புண். பாதத்தில் நாடித் துடிப்பு நன்றாக இருந்தது. எலும்புக்குச் சீழ் இறங்கவில்லை. ஆனால் இதயம் பலவீனம், அறுவையைத் தாங்காது. செத்த தசையை அகற்றப் புண்ணில் புழுக்களை வைத்துக் கட்டும் புழுச் சிகிச்சையை மருத்துவர் பரிந்துரைத்தார். முதல் உலகப் போரில் புழு மொய்த்த காயங்களுடன் உயிர் பிழைத்த வீரர்களைக் கண்ட வில்லியம் பேயர் என்னும் அமெரிக்க மருத்துவர் 1931இல் எழுதிய முறை அது. கோலாலம்பூரிலுள்ள மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், லூசிலியா குப்ரினா என்னும் ஈயின் முட்டைகளைக் கிருமி நீக்கிப் பொரிக்க வைத்து இதற்காகப் புழுக்களை வளர்த்திருக்கிறது.

பாட்டியிடம் புழு என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. "ஒரு புது மருந்து" என்றேன். இரவில் கட்டு விலகியபோது அவரே பார்த்துவிட்டார். மறுநாள் அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்றும் மறக்கவில்லை. அவருடைய காலைப் பற்றி அவரிடமே மறைத்தது என் தவறு. மன்னிப்புக் கேட்டு, அருகில் அமர்ந்து முழுவதையும் விளக்கினேன்.

"மாட்டுப் புண்ணுல பாத்திருக்கேன் தாயி, அது பச்சைக் கறியையும் தின்னுமே" என்றார். நியாயமான கேள்வி. உயிருள்ள தசையைக் குடைந்து தின்பது வேறு ஈயின் புழு. நாங்கள் வைத்ததோ, தன் உமிழ்நீரால் செத்த தசையைக் கரைத்து உறிஞ்சுவது, இரண்டு மூன்று நாளில் கூட்டுப்புழுவாகும் முன்பே எடுத்துவிடக்கூடியது. மாடு வளர்த்த அனுபவத்தில் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அவர் உடனே பிடித்துக்கொண்டார். நான் முதலிலேயே சொல்லியிருந்தாலும் பிடித்துக்கொண்டிருப்பார்.

மூன்றாம் முறை கட்டைப் பிரித்தபோது, கறுத்துக் கிடந்த குழியில் சிவந்த புதுச் சதை முளைத்திருந்தது. குதிகாலை ஊன்றாமல் இருப்பதுதான் அதன் பிறகு அவருக்குப் பெரும்பாடாயிற்று. சலைன் நீரில் கழுவி எடுத்த புழுக்களை, ஒன்றும் உள்ளே தங்கவில்லை என்று உறுதியாகும் வரை, என்னோடு சேர்ந்து அவரும் எண்ணினார்.