பேனலுக்கு முன்னால் ஒரு மீட்டர்

மலேசியாவின் பினாங்கில் இருக்கும் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்கு ஊரிலிருந்து புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு வாடகை அறை, சாப்பாட்டுக் கடை, பஸ் பற்றியெல்லாம் சொல்லித்தர ஆள் உண்டு. மின்பேனலுக்கு முன்னால் விட வேண்டிய காலி இடத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. பினாங்கில் என் வேலை எனக்குப் பிடிபட்டது அந்த இடத்தை வைத்துத்தான்.

ஓசூரில் இயந்திரப் பராமரிப்பில் இருந்தபோது நான் பழகியது இந்திய விதி. ஸ்விட்ச்போர்டுக்கு முன்னால் குறைந்தது 1 மீட்டர். பின்பக்கம் திறந்த இணைப்புகள் இருந்தால் அங்கே இடைவெளி 20 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருக்க வேண்டும், இல்லையென்றால் 75 சென்டிமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும். ஒன்று, ஆள் நுழையவே முடியக்கூடாது. அல்லது நுழைந்தவர் வேலையை முடித்துத் தாராளமாகத் திரும்ப வேண்டும். இடைப்பட்ட அளவுதான் ஆளைச் சிக்கவைக்கும். இந்த விதியை எழுதியவர் அப்படி ஓர் இடுக்கில் நின்று வேலை செய்தவராகத்தான் இருப்பார் என்று எனக்குத் தோன்றும்.

இங்கே கதை வேறு. 1972-இல் தொடங்கிய இந்தத் தொழிற்பேட்டைக்கு அமெரிக்க மின்னணு நிறுவனங்கள் அப்போதே வந்துவிட்டன. இன்றும் பல இயந்திரங்கள் அமெரிக்க விதியைப் பின்பற்றிய வரைபடத்தோடுதான் இறங்குகின்றன. நாட்டின் சட்டமோ 1990-இன் மின் விநியோகச் சட்டமும் 1994-இன் மின்சார ஒழுங்குவிதிகளும். வயரிங் நடைமுறை ஐஇசி என்ற பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் தரத்தைப் பின்பற்றுவது. ஆக, ஒரே பேனலின் முன்னால் இரண்டு நாட்டு விதிகளோடு நிற்க வேண்டும்.

அமெரிக்க விதியில் பேனலுக்கு முன்னால் விட வேண்டிய இடத்தின் ஆழத்தை முடிவு செய்வது மின்னழுத்தமும் எதிரே இருக்கும் பொருளும். தரைக்கு 150 வோல்ட் வரை என்றால் 3 அடி, அதாவது 914 மில்லிமீட்டர். மலேசியாவின் 400 வோல்ட் மும்முனை இணைப்பில் ஒரு முனைக்கும் தரைக்கும் இடையே 230 வோல்ட். எனவே அந்த விதியின் அட்டவணையில் அடுத்த வரிசைக்குப் போய்விடுகிறோம். எதிரே மின்னோட்டமும் தரையிணைப்பும் இல்லாத பொருள் என்றால் அங்கேயும் 3 அடி போதும். கான்கிரீட், செங்கல், ஓடு பதித்த சுவர் என்றால் 3½ அடி, ஏனென்றால் அவற்றைத் தரையோடு இணைந்தவையாகவே விதி கருதுகிறது. இரு பக்கமும் திறந்த மின்பாகங்கள், நடுவில் ஆள் என்றால் 4 அடி. முதுகு எதில் இடிக்கும் என்று யோசித்து எழுதிய கணக்கு இது.

இதை எனக்கு உடம்பால் புரியவைத்தவர் எங்கள் சார்ஜ்மேன் அண்ணன், மின் அமைப்புக்குப் பொறுப்பானவர். சுங்கை பட்டாணிப் பக்கம் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். புதிதாக இறக்கிய இயந்திரத்தின் பக்கத்தில் என்னை நிறுத்தி, “தம்பி, பேனல் கதவைத் திறந்து பாருங்கள்” என்றார். பாதி திறந்ததும் கதவு பக்கத்து இயந்திரத்தின் புகைக்குழாயில் முட்டி நின்றது. குறைந்தது 90 டிகிரி திறக்க வேண்டிய கதவு அது. “இப்போது வோல்ட் அளக்கும் மீட்டரின் இரண்டு முனைகளையும் பிரேக்கரில் வையுங்கள்.” வைக்க, தோளைச் சாய்த்து, ஒரு காலைக் குழாயின் தாங்கிக்கு மேல் தூக்கி வைக்க வேண்டியிருந்தது. “சுவிட்சை அணைத்துத்தானே வேலை செய்வோம் அண்ணே” என்றேன். “அணைந்துவிட்டது என்று எதை வைத்துச் சொல்வீர்கள்? அளந்து பார்த்துத்தானே? அளந்து முடிக்கும்வரை அது உயிரோடுதான் இருக்கிறது.”

எத்தனை பூட்டு, எத்தனை எச்சரிக்கை அட்டை போட்டாலும் அந்தச் சோதனையைத் தவிர்க்க முடியாது. அந்த ஒரு நிமிடத்தில் பொறி பறந்தால் பின்னால் துள்ளிப் போக இடம் வேண்டும்.

அந்த இடத்தின் அகலம், அமெரிக்க விதிப்படி, 762 மில்லிமீட்டர் அல்லது பேனலின் அகலம், இரண்டில் எது பெரியதோ அது. உயரம் குறைந்தது 2 மீட்டர். இவற்றில் சச்சரவு குறைவு. ஓயாத சண்டை அட்டைப் பெட்டிகளால்தான். வேலை செய்ய விட்ட இடத்தில் பொருள் அடுக்கக்கூடாது என்று விதி தெளிவாகச் சொல்கிறது. தரையில் மஞ்சள் கோடு போட்டிருக்கிறோம், மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதி ஒட்டியிருக்கிறோம். ஆனாலும் இரவு ஷிப்ட் முடியும்போது ஒரு பெட்டி வந்துவிடும், காலைக்குள் நான்காகிவிடும். “ஒரு மணி நேரம்தானே” என்பார்கள். அந்த ஒரு மணி நேரத்துக்குள் பிரேக்கர் விழுந்து மின்சாரம் நின்றால் ஓடிப்போய் நிற்பது நாங்கள்தான். இதற்காகக் குரல் உயர்த்தத் தயங்குவதில்லை, உயர்த்தவும் வேண்டும்.

ஊரிலிருந்து வரும் தம்பிகள் இதை முதல் நாளே பழகிக்கொள்ளுங்கள். வேலை கொடுத்தால் அளவுநாடாவோடு போங்கள். திறந்த பாகமாக இருந்தால் அதிலிருந்தும், மூடிய பேனலாக இருந்தால் அதன் முகப்பிலிருந்தும் அளக்க வேண்டும். இங்கே மின் அமைப்பைப் பொறுப்பேற்று நடத்த எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்றிதழ் வேண்டும். ஊரில் பெற்ற அனுபவத்தை மட்டும் நம்பிப் பொறுப்பைத் தலையில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். இடம் போதவில்லை என்றால் சார்ஜ்மேனிடம் சொல்லுங்கள், எழுத்திலும் கொடுங்கள். அந்தப் புகைக்குழாய்க்கு நாங்கள் அப்படித்தான் எழுதிக் கொடுத்தோம். குழாயை வளைத்து மேலே ஏற்றிவிட்டார்கள். கதவு இப்போது முழுதாகத் திறக்கிறது.