ரூட் பிரிட்ஜ் எது என்பதை நீங்களே முடிவு பண்ணுங்கள்

பெங்களூரு ஆபீஸ்களில் நெட்வொர்க் பார்க்கும் நம்மாட்களுக்கு இது பழகிய காட்சிதான். மீட்டிங் ரூம் மேசைக்கடியில் எஸ்.பி. ரோட்டில் வாங்கிவந்த 5 போர்ட் ஸ்விட்ச். தொங்கும் கேபிளை யாரோ நல்ல மனசோடு காலி போர்ட்டில் சொருகுவார். கேபிளின் மறுமுனையும் அதே ஸ்விட்சில்தான் இருக்கும். கொஞ்ச நேரத்தில் ஃப்ளோர் முழுக்க நெட் காலி.

ஐபி பாக்கெட்டுக்கு டிடிஎல் (ஒவ்வொரு தாவலுக்கும் குறையும் ஆயுள் எண்) உண்டு, சுற்றினாலும் ஒரு கட்டத்தில் செத்துவிடும். ஈதர்நெட் ஃப்ரேமுக்கு அது கிடையாது. ஒரு ஏஆர்பி பிராட்காஸ்ட் ('இந்த ஐபி யாருடையது?' என்று எல்லோரையும் கேட்பது) இப்படி உருவாகும் லூப்பில் மாட்டினால் கேபிளைப் பிடுங்கும்வரை சுற்றும். ஒரே மேக் அட்ரஸ் (கருவியின் வன்பொருள் முகவரி) இரண்டு போர்ட்டில் மாறி மாறித் தெரிகிறது என்று லாக் கத்தும், சிபியு எகிறும்.

1985-இல் டிஇசி நிறுவனத்தில் ரேடியா பெர்ல்மன் கொடுத்த தீர்வுதான் ஸ்பானிங் ட்ரீ. ஸ்விட்சுகள் 2 நொடிக்கு ஒருமுறை வரும் பிபிடியு என்ற தகவல் ஃப்ரேம் மூலம் ஒரு தலைமை ஸ்விட்சை, அதாவது ரூட் பிரிட்ஜைத் தேர்ந்து, அதற்குக் குறைந்த காஸ்ட் உள்ள வழியை வைத்துக்கொண்டு, மிச்சத்தை பிளாக் செய்யும். 100 எம்பி வேக லிங்குக்குக் காஸ்ட் 19, 1 ஜிக்கு 4, 10 ஜிக்கு 2.

வம்பு ரூட் தேர்தலில்தான். சின்ன ப்ரையாரிட்டி எண் உள்ள ஸ்விட்ச்தான் ரூட். எல்லாவற்றிலும் ப்ரையாரிட்டி 32768 என்றே விட்டால் (விலான் 10-இல், அதாவது 10-ஆம் எண் தனி நெட்வொர்க்கில், அந்த எண்ணும் கூடி 32778 என்று காட்டும்) சின்ன மேக் அட்ரஸ் ஜெயிக்கும். பழைய டப்பாக்களுக்குத்தான் அது பெரும்பாலும் வாய்க்கும்.

உதாரணத்துக்கு, கோர் ஏ, கோர் பி என்ற இரண்டு முக்கிய ஸ்விட்சுகளுக்கும் நடுவே 10 ஜி லிங்க். பிசிக்கள் சேரும் ஆக்சஸ் ஸ்விட்ச் சி-யிலிருந்து இரண்டுக்கும் 1 ஜி. சி-க்குப் பின்னால் 100 எம்பியில் ஒரு பழைய ஸ்விட்ச் வந்து ரூட் ஆகிறது. சி வழியாக ஏ-வுக்குக் காஸ்ட் 4+19=23, பி-க்கும் 23. ஏ-விலிருந்து பி வழியாகப் போனால் 2+23=25. ஆக, ஏ-பி லிங்கின் ஒரு முனை பிளாக். காசு கொட்டி வாங்கிய 10 ஜி சும்மா கிடக்கும், கோர் டிராஃபிக் எல்லாம் ஆக்சஸ் ஸ்விட்ச் வழியாக நொண்டும். எந்த அலாரமும் வராது, 'நெட் ஸ்லோ' என்ற புகார் மட்டும் வரும்.

ப்ரையாரிட்டியாக ஏ-வுக்கு 4096, பி-க்கு 8192 கொடுத்துவிடுங்கள் (4096-இன் மடங்குதான் ஏற்கும்). இப்போது சி-யிலிருந்து பி-க்குப் போகும் போர்ட் பிளாக் ஆகும். நமக்கு வேண்டியதும் அதுதான். 'ஷோ ஸ்பானிங்-ட்ரீ ரூட்' போட்டு எல்லா ஸ்விட்சிலும் ஏ-வின் மேக்கே வருகிறதா பாருங்கள்.

பிசி போர்ட்டுகளில் போர்ட்ஃபாஸ்ட் (காத்திருக்காமல் போர்ட்டை உடனே திறக்கும் வசதி) வேண்டும். இல்லையென்றால் லிசனிங் 15, லேர்னிங் 15 என 30 நொடி போகும்; டிஹெச்சிபி (பிசி ஐபி அட்ரஸ் வாங்கும் முறை) சலித்துப்போய், நெட்டுக்கு உதவாத 169.254 அட்ரஸ் வந்து உட்காரும். அதன் வேகமான வடிவமான ராபிட் ஸ்பானிங் ட்ரீயிலும் எட்ஜ் (பிசி போர்ட்) என்று சொல்லாத போர்ட்டுக்கு இதே கதிதான். கூடவே, பிபிடியு வந்தால் போர்ட்டை மூடும் பிபிடியு கார்ட் போடுங்கள். மேசைக்கடி ஸ்விட்சில் லூப் ஆனால் நம் பிபிடியுவே நம்மிடம் திரும்பி வரும், போர்ட் எரர்-டிசேபிள் ஆகும். பிபிடியுவையே தடுக்கும் பிபிடியு ஃபில்டரை அதே போர்ட்டில் போட்டால் அந்தப் பாதுகாப்பே போச்சு.

சில மலிவு ஸ்விட்சுகள் பிபிடியுவை முழுங்கிவிடும். அங்கே கார்டுக்கு எதுவும் தெரியாது. அதனால் பிசி போர்ட்டுகளில் பிராட்காஸ்ட் ஸ்டார்ம் கன்ட்ரோலும் (பிராட்காஸ்ட் அளவுக்கு உச்சவரம்பு) 1 சதவீதத்தில் வைத்துவிடுங்கள். 1 ஜி போர்ட்டில் அது 10 எம்பி, சாதாரண ஏஆர்பிக்கும் டிஹெச்சிபிக்கும் தாராளம்.