கடற்காற்றும் லான் கேபிளும்

கொம்பியூட்டரில் வயர் இணைப்பு விட்டுவிட்டு வருகிறதா? சேவை நிறுவனத்துக்குப் போன் எடுக்க முதல், பிழை வீட்டுக்குள்ளா வெளியிலா என்று பிரித்துப் பாருங்கள். விண்டோஸில் இரண்டு கறுப்புக் கட்டளைத் திரைகளை (கொமாண்ட் ப்ரொம்ப்ட்) திறந்து, ஒன்றில் ரவுட்டரின் முகவரிக்கும் (பெரும்பாலும் 192.168.1.1) மற்றதில் 8.8.8.8க்கும் (இணையத்திலுள்ள கூகுளின் சேவையகம்) பிங் கட்டளையை, அதாவது பதில் வருகிறதா என்று கேட்டுப் பார்க்கும் கட்டளையை (ping -t என்று எழுதி முகவரியை எழுதுங்கள்), பத்து நிமிடம் ஓட விடுங்கள். ரவுட்டரே பதில் தராமல் விட்டால் பிழை வீட்டுக்குள்: கேபிளில், அதைச் செருகும் போர்ட்டில், ரவுட்டரில் அல்லது கொம்பியூட்டரில். ரவுட்டர் ஒழுங்காகப் பதில் தந்து 8.8.8.8 மட்டும் அறுந்தால் மட்டும் முறையிடுங்கள்.

உப்புவெளி, நிலாவெளி போன்ற கரையோர வீடுகளில் நான் முதலில் சந்தேகிப்பது ஆர்ஜே-45 முனையை, அதாவது கேபிள் நுனியிலுள்ள பிளாஸ்டிக் செருகியைத்தான். உப்பும் ஈரமும் சேர்ந்து அதன் எட்டுத் தகடுகளையும் அரிக்கும். மாரியில் இன்னும் மோசம். பச்சை படிந்திருந்தால் சுரண்ட வேண்டாம், தங்கப் பூச்சு போய்விடும். முனையை வெட்டிவிட்டு, கிரிம்பிங் கருவியால் புதியதை அடியுங்கள். உள்ளே உள்ள வயர்களின் நிற வரிசை: வெள்ளை-செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-கபிலம், கபிலம். இரு முனையிலும் இதே வரிசை. இரண்டிரண்டாக முறுக்கிய வயர்ச் சோடிகளின் முறுக்கை 13 மில்லிமீற்றருக்கு மேல் பிரிக்காதீர்கள்.

இணைப்பு வேகம் 1000 Mbpsக்குப் பதில் 100 Mbps என்று காட்டினால் பெரும்பாலும் ஒரு சோடி அறுந்திருக்கும், ஏனென்றால் கிகாபிட்டுக்கு (1000 Mbps) நான்கு சோடியும் வேண்டும். செப்புப் பூசிய அலுமினியக் கேபிளை வாங்கவே வேண்டாம். விலை குறைவுதான், ஆனால் வளைத்தால் உள்ளே முறியும்.

கேபிள் சரியென்றால், விண்டோஸின் டிவைஸ் மனேஜரில் நெட்வேர்க் கார்ட்டின் மின்சேமிப்பை நிறுத்திப் பாருங்கள்.