கிறிஸ்மஸ் பார்ட்டியில் எழும்பும் எண்பதுகள்

பிரித்தானியாவுக்குப் புதிதாக வருபவருக்கு வங்கிக் கணக்கு, டொக்டர் பதிவு, பஸ் கார்டு எல்லாவற்றையும் யாராவது சொல்லித் தந்துவிடுவார்கள். டிசம்பரில் வேலையிடத்துப் பார்ட்டியில் இருபது வயதுக்காரரும் அறுபது வயதுக்காரரும் ஒன்றாக எழும்பி ஆடும் பாட்டுகளைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அவற்றில் பல 1981க்கும் 1985க்கும் இடையில் வந்த நியூ வேவ், சின்த் பாப் பாட்டுகள்; சின்தசைசர் என்ற மின்னிசைப் பெட்டியின் ஒலி தூக்கலாக வரும் பாப் வகைகள்.

தொடங்க எளியது 'டெய்ன்டட் லவ்'. லீட்ஸ் நகரத்து சொஃப்ட் செல் இருவர், குளோரியா ஜோன்ஸின் அறுபதுகளின் பாட்டை 1981இல் புதுப்பித்தது. சொற்கள் தெரியத் தேவையில்லை. சரணத்தில் வரி முறிந்து நிற்கும் இடங்களில் சின்தசைசர் இரண்டு முறை குத்தும். அந்த இரண்டுக்கும் கை தட்டினால் போதும். மூன்றாவது தட்டு அடுத்த சொல்லின் மேல் விழும்.

ஷெஃபீல்டின் ஹியூமன் லீக் பாடிய 'டோன்ட் யூ வோன்ட் மீ' (1981இன் கிறிஸ்மஸ் நம்பர் ஒன், அதாவது கிறிஸ்மஸ் வாரத்தில் பிரித்தானிய விற்பனைப் பட்டியலின் முதலிடம்) ஆணும் பெண்ணும் சண்டை பிடிக்கும் பாட்டு. முதல் சரணம் முழுக்க ஆண், "உன்னை ஆளாக்கியது நான்" என்கிறார். இரண்டாம் சரணத்தில்தான் பெண்ணின் பதில். கரோக்கியில் பலர் பிழை விடுவது இங்கேதான்: பெண் முந்திக்கொண்டால் அந்தப் பதிலின் சூடே போய்விடும்.

இவை இன்னும் ஓய்ந்துபோகாததற்குக் காரணம் வெறும் பழைய நினைவல்ல. அன்றைய சின்தசைசர்கள் பலவற்றில் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் பேசும். அதனால் மெட்டு ஒற்றை விரலுக்கு அடங்கிக் காதில் ஒட்டியது. 1980இல் வந்த லின் எல்எம்-1 போன்ற டிரம் இயந்திரங்களில் தாளம் பிசகாது. இன்றைய டிஜே அதன் வாலில் புதுப் பாட்டொன்றைச் சுலபமாகக் கோத்துவிடுவார். நியூ ஓர்டரின் 'புளூ மண்டே'யைக் கேளுங்கள்: நிதானமாக இடித்துவரும் பேஸ் டிரம் திடீரென்று ஓர் அடிக்கு நாலாகப் பொடிந்து உருளும். 83 யூலைக் கலவரத்துக்குப் பிறகு எம்மவர்கள் இங்கே வந்திறங்கிய அந்த இலையுதிர் காலத்தில்தான் அது பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் மறுபடி ஏறி 9ஆம் இடத்தைத் தொட்டது.

கடினமானது நோர்வேயின் ஆ-ஹா பாடிய 'டேக் ஒன் மீ'. சுருதி ஆறு கட்டை. பல்லவியின் முதல் எழுத்து, அதாவது 'டேக்' என்ற ஒலி, அடி ஸட்ஜம். பல்லவி முடியும்போது குரல் இரண்டு ஸ்தாயி தாண்டிப் பஞ்சமத்தில் நிற்கும். கரோக்கிப் பெட்டியில் கீயை ஒருமுறை இறக்கினால் அரைக் கட்டை குறையும். மூன்று முறை இறக்கி நாலரைக் கட்டையில் வைத்தால் மேலே சுகம். ஆனால் அந்த முதல் எழுத்து வெறும் காற்றாகிவிடும். ஆகவே ஆண்கள் கீயை இறக்கி, முதல் எழுத்தை மட்டும் ஒரு ஸ்தாயி உயர்த்திப் பாடலாம். பெண்கள் பலருக்கு ஆறு கட்டையே சரிவரும். முதல் எழுத்துக்கு அதே வழிதான்.

உச்சியைத் தொண்டையால் தள்ளக் கூடாது, கள்ளக்குரலுக்கு (ஃபோல்செட்டோ) மாறிவிட வேண்டும். அதுவும் எட்டாவிட்டால் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டுங்கள். அந்தச் சுரத்தை அறையே சேர்ந்து பாடும்.