டெக்சாஸில் ஒரு டேகேருக்குச் சிறப்பு அனுமதி (எஸ்.யூ.பி.) வாங்கிய அனுபவம்

2024 ஜனவரியில் அந்த வீட்டை வாங்கினோம். டாலஸுக்கு வடக்கே, காரில் ஒரு மணி நேரம் போனால் வரும் சின்ன நகரம். பழைய கடைத்தெருவை ஒட்டிய சாலையில், கிட்டத்தட்ட அரை ஏக்கர் மனையில், 1960களில் கட்டிய செங்கல் வீடு. அதில் குழந்தைகளுக்கு ஒரு டேகேர் நடத்த வேண்டும் என்பது எனக்குப் பல வருட ஆசை. 11 வருடம் இன்னொருவர் டேகேரில் ஆசிரியையாக இருந்தவள் நான்.

இங்கே நகரம் நிலத்தை மண்டலங்களாகப் பிரித்து, எதில் என்ன நடத்தலாம் என்று விதி வைத்திருக்கிறது. அதற்கு ஜோனிங் என்று பெயர். அந்த மனை தனி வீடுகளுக்கான மண்டலத்தில் இருக்கிறது என்பது வாங்கும்போதே தெரியும். டேகேர் நடத்தவே கூடாது என்று விதி சொல்லவில்லை. சிறப்புப் பயன்பாட்டு அனுமதி வாங்கிக்கொண்டு நடத்தலாம். எஸ்.யூ.பி. என்றுதான் இங்கே எல்லோரும் சொல்வார்கள். கிடைக்காவிட்டால் வீட்டை வாடகைக்கு விட்டுவிடலாம் என்ற தைரியத்தில் வாங்கிவிட்டோம். இன்று யாராவது என்னிடம் கேட்டால், அனுமதி கிடைத்தால்தான் வாங்குவோம் என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி போட்டுக்கொள்ளுங்கள் என்பேன். அனுமதி வரும்வரை ஏழு மாதமும் எனக்குச் சரியான தூக்கம் இல்லை.

கரூரிலிருந்து அம்மா போனில் கேட்டார்: "நம்ம காசு போட்டு வாங்கின இடம். அதுல என்ன நடத்தணும்னு ஊரைக் கேக்கணுமா?"

"ஆமாம்மா, இங்க கேக்கணும்" என்றேன். ஆனால் அது எல்லா இடத்துக்கும் பொருந்தாது. இதே மாநிலத்தில் ஹூஸ்டன் மாதிரி பெரிய நகரத்தில் ஜோனிங்கே கிடையாது. நகர எல்லையைத் தாண்டிவிட்டாலும் பெரும்பாலும் இல்லை, ஏனென்றால் டெக்சாஸில் கவுண்டிகளுக்கு (நம் மாவட்டம் மாதிரி) பொதுவாக அந்த அதிகாரம் இல்லை. ஐந்து மைல் தள்ளி வாங்கியிருந்தால் இந்தக் கதையே இருந்திருக்காது. ஆனால் பிள்ளைகளை விடப்போகிற பெற்றோர் வேலை பார்ப்பது ஊருக்குள்ளே. அதனால் ஊருக்குள்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன்.

விண்ணப்பம் கொடுக்கும் முன் நகர அலுவலகத்தில் ஒரு சந்திப்பு. அந்த ஊருக்குத் திட்ட அலுவலர் என்று இருப்பவர் ஒரே ஒருவர். பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். முதலில் திட்டக் குழு, பி அண்ட் ஸீ என்பார்கள், ஒரு ஹியரிங் நடத்தும், அதாவது யாரும் வந்து கருத்துச் சொல்லக்கூடிய கூட்டம். அதில் இருக்கும் ஏழு பேரும் சம்பளம் இல்லாமல் வரும் உள்ளூர்க்காரர்கள். அவர்கள் பரிந்துரைதான் செய்யலாம். அதன் பிறகு நகர மன்றம் இன்னொரு ஹியரிங் வைத்து முடிவெடுக்கும். முதல் ஹியரிங்குக்குப் பத்து நாளுக்கு முன்பே, எங்கள் மனையிலிருந்து 200 அடிக்குள் நிலம் வைத்திருக்கும் எல்லோருக்கும் நகரம் கடிதம் அனுப்பியிருக்க வேண்டும். மாநிலச் சட்டம் அப்படி. கடிதம் வரிப் பட்டியலில் இருக்கும் உரிமையாளருக்குப் போகும், வாடகைக்குக் குடியிருப்பவருக்குப் போகாது.

எத்தனை குழந்தைகள் என்பதைக் கணக்கு பார்த்தே எழுதினோம். மாநில உரிம விதிப்படி உள்ளே ஒரு குழந்தைக்கு 30 சதுர அடி இருக்க வேண்டும். வெளியே விளையாடும் இடத்தில் ஒரே நேரத்தில் நிற்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் 80 சதுர அடி. 48 குழந்தைகள் என்று விண்ணப்பத்தில் போட்டோம். கார்கள் வந்து போக வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சந்து வழியைக் காட்டினோம். முன் சாலையில் நெரிசல் வராது என்பது எங்கள் நினைப்பு.

அக்கம்பக்கத்து வீடுகளுக்கு நாங்களே நேரில் போனோம். இடப்பக்கம், வலப்பக்கம், எதிர்ச்சாரியில் நான்கு வீடுகள். வாடகைக்கு இருந்த இரண்டு குடும்பங்களுக்கும் சொன்னோம். எல்லோரும் நல்லவிதமாகப் பேசினார்கள். பின்பக்கத்துக்கு மட்டும் போகவில்லை. அந்த வீடுகளின் வாசல் வேறு தெருவில் இருக்கிறது, அவர்களை நாங்கள் பார்த்ததே இல்லை. வரைபடத்தில் பார்த்தால் எங்கள் வேலிக்கும் அவர்கள் வேலிக்கும் நடுவில் அந்தச் சந்து மட்டும்தான். கார்களை எந்தச் சந்தில் வரிசையாக நிறுத்தப் போகிறோம் என்று எழுதிக் கொடுத்தோமோ, அதே சந்து.

பி அண்ட் ஸீ ஹியரிங் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை. எனக்கு மூன்று நிமிடம் கொடுத்தார்கள். என் படிப்பு, அனுபவம், இந்த ஊரில் டேகேரில் இடம் கிடைக்காமல் பெற்றோர் அலைவது, எல்லாவற்றையும் சொன்னேன். அவற்றைப் பற்றி யாரும் ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை. குழுத் தலைவி கேட்டது ஒன்றே ஒன்று: காலை ஏழரைக்குப் பத்து கார் ஒன்றாக வந்தால் பத்தாவது கார் எங்கே நிற்கும்? என்னிடம் பதில் இல்லை. பின் வீட்டுக்காரர்கள் மூன்று பேர் கையெழுத்திட்ட எதிர்ப்புப் படிவங்களோடு வந்திருந்தார்கள். நான்குக்கு மூன்று என்று பரிந்துரை எங்கள் பக்கம் வந்தது. சந்தோஷமாக வீட்டுக்கு வந்தோம்.

மறுநாள் திட்ட அலுவலர் கூப்பிட்டார். எதிர்ப்பு 24 சதவீதம் என்றார். மூன்று வீடு எப்படி 24 சதவீதம் ஆகும் என்று எனக்குப் புரியவில்லை. விஷயம் இதுதான்: தலைகளை எண்ணுவதில்லை, நிலத்தை அளக்கிறார்கள். எங்கள் மனையைச் சுற்றி 200 அடிக்கு ஒரு வளையம் போட்டால் ஐந்தரை ஏக்கருக்குச் சற்று மேல் வருகிறது. அதில் தெருக்களும் சந்துகளும்கூடச் சேரும். பின்பக்கத்து மனைகள் பழைய காலத்துப் பெரிய மனைகள். ஒவ்வொன்றிலும் அரை ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு அந்த வளையத்துக்குள் விழுகிறது. எழுத்தில் வந்த எதிர்ப்பு 20 சதவீத நிலத்தை எட்டிவிட்டால், நகர மன்றத்தில் சாதாரணப் பெரும்பான்மை போதாது. மொத்த உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் ஆதரிக்க வேண்டும். இங்கே மேயரையும் சேர்த்து ஏழு பேர். அதாவது ஆறு வாக்கு. (2025 செப்டம்பரிலிருந்து, கூடுதல் வீடுகள் கட்ட இடம் தரும் மாற்றங்களுக்கு அந்த 20ஐ 60 ஆக்கியிருக்கிறார்கள். டேகேருக்கு அது பொருந்தாது.)

அந்தச் சனிக்கிழமை நானும் என் கணவரும் பின் தெருவுக்குப் போனோம். இரண்டு வீடுகளில் கதவருகே நின்றே பேசி அனுப்பிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, நாங்கள் போனது அவ்வளவு தாமதம். மூன்றாவது வீட்டில் தனியாக இருந்த பெரியவர் எங்களைப் பின் திண்ணைக்கு அழைத்துப் போனார். அங்கே உட்கார்ந்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. அவர் படுக்கையறை ஜன்னலுக்கும் சந்துக்கும் இருபது அடிகூட இல்லை. குழந்தைகள் சத்தம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. தினமும் காலையில் ஜன்னலுக்குக் கீழே எஞ்சினை அணைக்காமல் கார்கள் வரிசையாக நிற்கும் என்பதுதான் அவர் கவலை. நியாயமான கவலை. நான் அந்த வீட்டில் இருந்தால் நானும் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

மூன்று வாரத்தில் வரைபடத்தை மாற்றினோம். சந்துப் பக்கம் வேலியை முழுவதும் அடைத்து, முன் சாலையில் நுழைந்து பக்கவாட்டில் போய்த் திரும்பி அதே சாலைக்கு வெளியேறும் பாதை போட்டோம். ஒன்பது கார்கள் அதற்குள்ளேயே நிற்கலாம். அதற்காக விளையாட்டு இடத்தில் ஒரு பகுதி போனது, 48 குழந்தைகள் 36 ஆனார்கள். வருமானக் கணக்கை மறுபடி முதலிலிருந்து போட வேண்டியிருந்தது. புது வரைபடத்தை முதலில் பெரியவரிடம்தான் காட்டினேன். அளவுகோல் எடுத்துவந்து தானே அளந்து பார்த்தார். அப்புறம் எதிர்ப்பைத் திரும்பப் பெறுவதாகக் கைப்பட எழுதி, அவரே நகர அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தார். எதிர்ப்பு 16 சதவீதமாக இறங்கியது.

நகர மன்றத்தில் ஐந்துக்கு இரண்டு. 24 சதவீதம் அப்படியே இருந்திருந்தால் அந்த ஐந்து வாக்கால் எங்களுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அன்று இரண்டாவது ஹியரிங்கில் என்னுடைய மூன்று நிமிடத்தையும் கார்கள் போகும் வழியைக் காட்டவே செலவிட்டேன்.

அனுமதியோடு நிபந்தனைகளும் வந்தன: 36 குழந்தைகளுக்கு மேல் கூடாது, காலை 6.30 முதல் மாலை 6.30 வரைதான், பின் வேலி ஆறடி மரவேலி, சந்தில் வாசல் வைக்கக் கூடாது. திறந்து ஆறு மாதம் கழித்து நகரத்திலிருந்து வந்து கார் வரிசையை எண்ணிப் பார்ப்பார்கள் என்று கடைசியாக ஒன்று. தீயணைப்புத் துறைச் சோதனை, கட்டட அனுமதி, மாநில உரிமம் எல்லாம் முடிந்து 2025 மார்ச்சில் திறந்தோம். செப்டம்பரில் வந்து ஒரு வாரம் காலையிலும் மாலையிலும் எண்ணினார்கள். அதிகபட்சமாக ஒரே நேரத்தில் ஆறு கார். அந்த அறிக்கையில் ஒரு பிரதி எடுத்துப் பின் தெருப் பெரியவரிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.