குடும்பப் பெயருக்குக் கிடைத்த ஒலிவாங்கி

ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த முன்னாள் அமெரிக்க அதிபர் பில் கிளிண்டனின் மகள் செல்சியா, செய்தித்துறை அனுபவம் ஏதுமின்றியே, 2011 நவம்பரில் என்பிசி தொலைக்காட்சியின் சிறப்புச் செய்தியாளராக அமர்த்தப்பட்டார். ஆண்டு ஊதியம் 6 லட்சம் டாலர் என்று 2014இல் பொலிட்டிகோ என்ற அமெரிக்க அரசியல் செய்தித்தளம் எழுதியது. குடியரசுக் கட்சியின் முன்னாள் அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷின் மகள் ஜென்னா அதே நிறுவனத்தின் காலை நிகழ்ச்சிக்கு 2009இலேயே வந்துவிட்டதால், இதை ஒரு கட்சியின் குறையாகத் தள்ளிவிட முடியாது.

காப்பீட்டு விளம்பரத்தில் வரும் கார்ட்டூன் பல்லியுடன் செல்சியா நடத்திய பேட்டியும் 2013இல் ஒளிபரப்பானது. அவர்மீது எனக்குக் கோபமில்லை. சிற்றூர் நாளிதழ்களில் நகராட்சிக் கூட்டங்களையும் நீதிமன்ற வழக்குகளையும் ஆண்டுக்கணக்கில் எழுதித் தேர்ந்தவர்கள் வேலையிழந்து நின்ற காலத்தில், அவர்களைத் திரும்பிப் பாராமல் குடும்பப் பெயருக்கு இடமளித்த நிர்வாகத்தின்மீதே என் கோபம்.